எதிர் நாற்காலி

மாமனார் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

ஓட்ஸ் கஞ்சியைக் கட்டியில்லாமல் மசித்து, ஆற்றி, ஸ்பூன் நுனியில் கொஞ்சமாக எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். "ஒரே ஒரு வாய் மாமா" என்று சிரித்தாள். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். நன்றாக இருக்கிற இடது கை எழுந்து ஸ்பூனுக்கும் முகத்துக்கும் நடுவில் வந்து நின்றது. தட்டிவிட்டிருந்தால்கூடக் கோபம் என்று சமாதானமாகியிருக்கலாம். இது தட்டிவிடுகிற கை அல்ல. அடி விழப்போகிறது என்று நினைக்கிறவர்கள் தூக்குகிற கை.

சில நாட்களாக இப்படித்தான். ராத்திரி மகன் ஊட்டினால் கிண்ணம் காலியாகும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி பிஸ்கட்டைப் பாலில் நனைத்து நீட்டினால் வாய் தானாகத் திறக்கும். அவளிடம் மட்டும்தான் இந்தக் கை. பகல் முழுக்க அவரோடு வீட்டில் இருக்கிறவளோ அவள் ஒருத்தி.

கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். வேலை கிடந்தது.

அவள் படம் வரைகிறவள். எந்த அலுவலகத்திலும் சேர்ந்தவள் அல்ல. குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்கள் கதையை அனுப்புவார்கள். அவள் வீட்டிலிருந்தபடி வரைந்து அனுப்புவாள். காவல்காரர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை அவளுக்குப் படக்காரி என்றே பெயர். கணவன் லிஃப்ட் மெக்கானிக். விடிந்ததும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பிறகு மகள் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அதன்பின் மாமனாரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, துடைத்து, சட்டை மாற்றி, தாங்கிப் பிடித்து நாலடி நடத்தி, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காரவைப்பாள். அவருக்கு வெளிச்சம் வேண்டும். அவளுக்கும் வேண்டும். அந்த வீட்டில் உருப்படியான வெளிச்சம் வருகிற ஜன்னல் அது ஒன்றுதான். அதனால் ஜன்னலுக்கு ஒரு பக்கம் அவள் மேஜை, மறுபக்கம் அவர் நாற்காலி. நாள் முழுக்க இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள்.

மழைக்காலம். தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு அப்பளமாய் நெளிந்தது. அதைத் தண்ணீரில் நனைத்து, பலகையில் விறைப்பாக நீவி, நாலு பக்கமும் ஒட்டுத்தாளால் கட்டிப்போட்டால்தான் வழிக்கு வரும். முதலில் பென்சில், அப்புறம் மையில் தோய்த்த நிப்பு, கடைசியில் வண்ணம். வானம் மாதிரி அகலமான இடத்துக்கு வண்ணம் பூச ஆரம்பித்துவிட்டால் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. ஈரம் பாதியில் காய்ந்தால் விளிம்பு கட்டிவிடும். எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் கோடு போகாது. அந்த நேரத்தில் மணி அடித்தாலும், போன் வந்தாலும், பால் பொங்கினாலும் அவள் அசையமாட்டாள். பால் அந்த வீட்டில் பலமுறை பொங்கியிருக்கிறது.

மாமனார் காய்கறி மண்டியில் ஏலம் விட்டவர். மூட்டைகளின்மேல் ஏறி நின்றுகொண்டு, வாங்க வந்தவர்களில் யார் கண் எப்போது சிமிட்டுகிறது, யார் அலட்சியமாய் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு உள்ளே துடிக்கிறான் என்று பார்த்துப் பார்த்து விலை ஏற்றியவர். "வாய் சொல்றத எவன் கேட்டான்? மூஞ்சி சொல்லும்ல" என்பார். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. எத்தனையோ வருஷம் கூவின வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "ஒருதரம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் ஒருதரம், வலித்தாலும் ஒருதரம், பேத்தியைக் கண்டாலும் ஒருதரம். தனியாக இருந்தவரை மழைக்கு முன்னால்தான் மகன் இங்கே அழைத்துவந்தான்.

வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவள் வரைவதை அவர் பார்ப்பார். அவள் நிமிர்ந்து பார்த்தால் "ஒருதரம்" என்பார். "ரெண்டுதரம் மாமா" என்பாள் அவள். இடது பக்க உதடு மட்டும் சிரிக்கும். இப்போது அந்தச் சொல்கூட வருவதில்லை. அவள் நாற்காலியை நகர்த்தினாலே அவர் கை, கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறது.

நான் என்ன செய்தேன்? அவள் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தாள். வெந்நீர் அதிகச் சூடாக இருந்ததா? சட்டை மாற்றும்போது கையைத் திருப்பிவிட்டேனா? ஏதாவது முணுமுணுத்தேனா? ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இன்னும் கனிவாகப் பேசினாள், இன்னும் நிறையச் சிரித்தாள். அவரோ இன்னும் பின்னுக்குப் போனார்.

போன் அடித்தது. எடிட்டர்.

"அரக்கி வந்துட்டாளா?"

"இன்னும் மூணு பக்கம் இருக்கு மேடம்."

"போன வாரம் அனுப்புனீங்களே ஒரு முகம், ஆபீஸே அசந்து போச்சு. அதுக்கு முன்னாடி நீங்க அனுப்புன அரக்கியெல்லாம் கேஸ் சிலிண்டருக்குக் காத்திருக்கிற பக்கத்து வீட்டம்மா மாதிரி இருந்தா. இவதான் அரக்கி. கிணத்தயே குடிக்கிறவ இப்படித்தான் இருப்பா. எங்கேர்ந்து புடிச்சீங்க?"

"தெரியல மேடம். வந்துச்சு."

"அதே முகம் மீதிப் பக்கத்துலயும் வரணும், சரியா? கொறஞ்சுடக் கூடாது."

ஊர்க்கிணறு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிடுகிற அரக்கியின் கதை அது. அவள் நிப்பை மையில் தோய்த்தாள்.

*

மறுநாள் நாத்தனார் வந்து இறங்கினாள். கணவனுக்கு மூத்தவள். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கதவிடுக்கையும் கட்டிலடியையும் பார்த்துவிட்டுத்தான் மனுஷர்களைப் பார்ப்பாள். ஈரக் குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு அப்பாவின் கன்னத்தைத் தடவினாள்.

"என்ன இப்படி வத்திப்போயிட்டாரு? மத்தியானம் சாப்பாடு போடுறியா, இல்ல படத்துல வரைஞ்சு காட்டுறியா?"

"குடுக்கறேன் அண்ணி. எங்கிட்டதான் சாப்பிட மாட்டேங்கறாரு."

"உங்கிட்ட மட்டும்?"

கேள்வியின் கடைசி எழுத்து மேலே தூக்கி நின்றது. அவள் கிண்ணத்தை எடுத்துவந்து, அண்ணி பார்க்கப் பார்க்க ஸ்பூனை நீட்டினாள். இன்றைக்கு மட்டும் வாயைத் திறந்துவிடுங்கள் மாமா என்று மனசுக்குள் கெஞ்சினாள். கை எழுந்தது. நடுவில் நின்றது.

நாத்தனார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "அப்பா, ஆ" என்றாள். அவர் சாப்பிட்டார். கடைசிவரை சாப்பிட்டார். வழித்துக் கொடுத்ததையும் சாப்பிட்டார்.

அன்று மாலை தம்பி வந்ததும் அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்தினதுதான் மிச்சம், அந்தக் கதவு குரலை நிறுத்துகிற கதவு அல்ல.

"முப்பது வருஷமா பொண்ணுங்கள மேய்க்கிறேன்டா. அடி வாங்குன பிள்ள கைய எப்படித் தூக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அக்கா, அவ அப்படிப்பட்டவ இல்ல."

"எவளும் அப்படிப்பட்டவ இல்ல. தனியா ஒரு பெரியவரப் பாத்துக்கச் சொன்னா எவளும் அப்படி ஆவா. நான் அவளத் திட்டல. அப்பாவ நான் கொண்டுபோறேன்னு சொல்றேன்."

"எங்க? உன் ரூம்ல ஒரு கட்டில் போட எடமில்ல."

"எங்க விடுதிக்குப் பின்னாடி ஒரு முதியோர் இல்லம் இருக்கு. தினம் எட்டிப் பாத்துக்குவேன்."

"அங்க யாரு அவரு பேசறதப் புரிஞ்சுக்குவா?"

"இங்க மட்டும் யாரு புரிஞ்சுக்கிட்டீங்க?"

இந்தப் பக்கம் மேஜையில் அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். வண்ணம் எப்போதோ போய்விட்டது.

படுக்கப் போகுமுன் கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். விரலிடுக்கில் கிரீஸ் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"உன்னைய நான் சந்தேகப்படல."

"ம்."

"ஆனா... ஒருவேள, தெரியாமக்கூட... தூக்கறப்ப கை கிய்..."

"தூக்கறப்ப என்ன?"

"இல்ல. கேட்டேன்."

"கேட்டுட்டீங்க இல்ல? சரி."

அவன் விளக்கை அணைத்தான். நான் அடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கே புரியவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தபோது உள்ளே எதுவோ, கொஞ்சம் பொறு என்று பிடித்து நிறுத்தியது.

*

இரண்டு நாள் நாத்தனார் இருந்து பார்த்தாள். துணி மடித்தாள், அலமாரி ஒழுங்குசெய்தாள், குளித்தாள், மாடிக்குப் போனாள், வந்தாள். மேஜையில் இவள் தலை குனிந்து வேலையைப் பார்த்தாள். அரக்கி கிணற்றில் வாய் வைக்கிற பக்கம், அரக்கியின் வயிற்றில் தண்ணீர் தளும்புகிற பக்கம். முதுகில் ஒரு பார்வை ஊர்ந்துகொண்டே இருந்தால் கோடு நடுங்கும். நடுங்கிய கோட்டைச் சுரண்டிச் சுரண்டி, தாள் ஒரு இடத்தில் பஞ்சாகிவிட்டது.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில், மாமனாரைப் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் ரொட்டியும் சூப்புமாக உட்கார்ந்திருந்தபோது, நாத்தனார் போனை எடுத்து நடுமேஜையில் வைத்தாள்.

"நான் பொய் சொல்றேன்னு நெனச்சுடக் கூடாதுல்ல. விடுதியிலயும் இப்படித்தான் புடிப்பேன். காலைல மருந்து பாட்டிலுக்கு நடுவுல இத சாத்தி வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். நீங்களே பாருங்க."

கணவன் போனை நிமிர்த்திப் பிடித்தான். மகள் அவன் தோளுக்குமேல் எட்டினாள்.

மாமனாரின் பின்னந்தலை. அதற்கு அப்பால் ஜன்னல் வெளிச்சத்தில் அவள். குனிந்து வரைந்துகொண்டிருக்கிறாள். மெல்ல அவள் மேலுதடு ஒரு பக்கம் சுருண்டு ஏறுகிறது. பல் தெரிகிறது. மூக்கு விடைக்கிறது. புருவம் இரண்டும் இறங்கி நடுவில் முட்டிக்கொள்ள, கண் குறுகி, கன்னம் துடிக்கிறது. பார்க்கச் சகிக்காத ஒரு முகம்.

"பாத்தியா?" என்றாள் நாத்தனார். "என்னப் பெத்த அப்பன ஒருத்தி இப்படிப் பாத்தா..."

முடிக்கவில்லை. கணவன் சிரித்துவிட்டான். வாயிலிருந்த சூப் மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் நீர் வர மறுபடி சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?"

"அக்கா, அவ வரையறப்ப அப்படித்தான்! எதை வரையறாளோ அந்த மூஞ்சிய வெச்சுப்பா. கல்யாணமான புதுசுல டீ கொண்டுபோனேன், என்னைப் பாத்து பல்ல இளிச்சு உர்ருன்னா. நான் டீயப் போட்டுட்டு ஓடிட்டேன். அப்புறம் பாத்தா கொரங்கு வரைஞ்சுட்டிருக்கா!"

"ஆந்தை வரையறப்ப கண்ண இப்படி வெச்சுப்பாங்க அத்தை" என்று மகள் கண்ணை உருட்டிக் கழுத்தைத் திருப்பினாள். "கழுதைக்கு ஒதட்டத் தொங்கப்போடுவாங்க. எங்க டீச்சர் வந்தப்பகூட."

"நெசமாவா?" நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. ஆனா செய்யறப்ப தெரியாது. இத்தன பயங்கரமா இருக்கும்னு..."

"அப்ப இது?"

"அரக்கி."

நாத்தனாரின் வாய் கோணியது. பிறகு அவளும் வெடித்துச் சிரித்தாள். வார்டன் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மறுபடி வீடியோவைப் பார்த்துச் சிரித்தாள். "பாவம், அந்த மனுஷன் தெனம் காலைலேர்ந்து இந்த மூஞ்சிக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்காரு. நானா இருந்தா ஜன்னல் வழியா குதிச்சிருப்பேன்."

"நடுவுல ஒரு அட்டை வெச்சு மறைச்சுட்டாப் போச்சு" என்றான் கணவன். அவன் குரலில் சுமை இறங்கியிருந்தது. எத்தனை சுமந்திருந்தான் என்பது இறங்கியபோதுதான் தெரிந்தது.

"மனசுல வெச்சுக்காதடி" என்றாள் நாத்தனார். "எனக்கு எல்லாத்தயும் தப்பாப் பாத்தே பழகிப்போச்சு."

"பரவால்ல அண்ணி."

அவளும் சிரித்தாள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். காப்பாற்றப்பட்டவள் சிரிக்காமல் இருக்க முடியுமா?

மற்றவர்கள் எழுந்து போனபிறகு தட்டுகளை அடுக்கினாள். போன் மேஜையிலேயே கிடந்தது. வீடியோ முதலிலிருந்து மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் சிரிக்க ஆரம்பித்தபிறகு யாரும் கடைசிவரை பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள்.

அந்த முகத்தோடு வரைந்துகொண்டே இருக்கிறாள். பின்னந்தலை அசைகிறது. மாமனார் தொண்டையில் ஏதோ சத்தம் செய்கிறார். எழுந்திருக்க வேண்டும் போல. அவள் நிப்பைத் தாளிலிருந்து எடுக்கிறாள். துணியில் துடைத்து, தாங்கியில் வைக்கிறாள். கையில் ஒன்றும் இல்லை. தலை நிமிர்கிறது. அவரைப் பார்க்கிறாள். அந்த முகம் அப்படியே இருக்கிறது. அவள் கண்ணெதிரே அரக்கி இல்லை இப்போது. இருப்பது ஒரு கிழவர்தான். பார்க்கிறாள். பிறகு, ஈரத்துணியால் பலகையைத் துடைக்கிற மாதிரி, முகம் சட்டென்று துடைபடுகிறது. அதே இடத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்காருகிறது. "வர்றேன் மாமா!" என்கிற குரலில் தேன் சொட்டுகிறது.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

எங்கேர்ந்து புடிச்சீங்க என்று எடிட்டர் கேட்டதற்கு அவளிடம் பதில் இருந்தது. அந்த முகத்தை வரைந்த அன்று, அந்தி வானம் பூசிக்கொண்டிருந்தாள். பெரிய தாள், பாதி நனைந்திருந்தது. அப்போது அவர் நாற்காலியிலேயே ஈரம் பண்ணிவிட்டார். எழுந்து போய் அவரைத் தூக்கி, துடைத்து, மாற்றி, தரையைக் கழுவிவிட்டு வந்தபோது வானத்துக்கு நடுவே வெள்ளையாய்ப் பட்டை கட்டியிருந்தது. அதைக் கிழித்துப் போட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரையும் திட்டவில்லை. புதுத்தாளை எடுத்து, பென்சில்கூடப் போடாமல் நேராக மையில், ஒரே மூச்சில் அரக்கியின் முகத்தை வரைந்தாள். அத்தனை நாளாகக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வராத முகம், தானாக வந்து இறங்கியது. தாளிலிருந்து அவள் முகத்துக்கு அது வரவில்லை. அவள் முகத்திலிருந்துதான் தாளுக்குப் போயிருக்கிறது.

அதை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முதலில் பார்த்தவர் அவர். அதன்பிறகு அந்த முகமே எழுந்து, சிரிப்பைப் பூசிக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு தன்னை நோக்கி வந்ததையும் அவர்தான் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு நாளும்.

வீடியோவை அழித்துவிட விரல் போனது. அழிக்கவில்லை. அது அண்ணியின் போன். அழித்தால் மட்டும்?

*

காலையில் நாத்தனார் கிளம்பிப் போனாள். போகிறபோது அப்பாவின் காதில் உரக்கச் சொன்னாள்: "இவ அரக்கி இல்லப்பா, அரக்கிய வரையறவ. பயப்படாம சாப்பிடுங்க." அவர் மகளைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

கணவன் பழைய பெட்டி ஒன்றைப் பிரித்து, அவளுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிற மாதிரி அட்டைத் தடுப்பு ஒன்று செய்து வைத்துவிட்டுப் போனான். மகளும் போனாள். மழை சாய்ந்து ஜன்னலில் அடித்தது.

அட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். வெளிச்சம் பாதியாகிவிட்டது. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல ஏற்பாடுதான். இனி என்ன முகத்தையும் வைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பே பயமாக இருந்தது. எழுந்து அட்டையை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள்.

அவர் கை, கைப்பிடியை இறுக்கியது.

கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் கன்னம் மேலே ஏறப் பார்த்தது. ஏறவிடவில்லை. சிரிப்பை எடுத்துவிட்டால் முகத்தில் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை. என்ன மிஞ்சியதோ அதோடு அவரைப் பார்த்தாள்.

"நேத்து அவங்க சிரிச்சது உங்களுக்குக் கேட்டிருக்கும்" என்றாள். தேன் இல்லாத குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவங்க சொல்றது பாதி உண்மை மாமா. மீதிய நீங்க பாத்தீங்க. எனக்கு அலுப்பா இருக்கு. அன்னிக்கு அந்தத் தாள் வீணாப் போனப்ப உங்கமேல அத்தன கோவம் வந்துச்சு. இன்னிக்கும் எப்ப வரும்னு தெரியாது. ஆனா உங்கள அடிக்க மாட்டேன். அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவர் பார்த்தார். மூட்டைகளின்மேல் ஏறி நின்று, கூட்டத்தில் ஒருவனைப் பொறுக்கியெடுத்து, இவன் நிஜமாகவே வாங்க வந்தவனா, சும்மா விலை கேட்க வந்தவனா என்று பார்க்கிற பார்வை. நெற்றி, கண், உதட்டோரம், மறுபடி கண். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நேரம் விடாமல் தன்னை யாரும் பார்த்ததில்லை என்று தோன்றியது. தோளில் ஏதோ வலித்தது. கொட்டாவி ஒன்று வந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஸ்பூனை நீட்டினாள்.

இடது கை எழுந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு, எதற்காக எழுந்தோம் என்பதை மறந்துவிட்ட மாதிரி, மெல்ல மடியில் இறங்கியது. வாய் திறந்தது.

விழுங்கினார். தொண்டைமணி ஏறி இறங்கியதைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. தன்னையறியாமல், வாய் நிறையச் சிரித்துவிட்டாள்.

அடுத்த ஸ்பூனுக்கு அவர் வாயை மூடிக்கொண்டார்.

இந்தச் சிரிப்பு நிஜம் மாமா என்று சொல்ல நினைத்தாள். அவளைத் தவிர அதற்குச் சாட்சி யாருமில்லை. உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். முகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஸ்பூனை நீட்டியபடியே, அவர் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.